உள்ளே விட்ட துணி

மாக்கினா தீவு, மிச்சிகன்
1984 மே 14

அன்புள்ள லோர்னா,

இன்று எங்கள் உடைகளைக் கவனிக்கும் மிஸஸ் ஹார்ட்விக்கிடம் நான் சொல்லாதவற்றை உனக்கு எழுதுகிறேன். போன அக்டோபரில் பருவம் முடிந்து ஹோட்டலை மூடும்போது, அடுத்த ஆண்டு உணவுக்கூடத்துக்குத் தலைமை நீதான் என்று நிர்வாகி திரு. ப்ரெஸ்காட் என் கையைக் குலுக்கினார் என்பதைச் சொல்லவில்லை. ஐந்து கோடையாக ஒரு தட்டைக்கூட நான் கீழே போட்டதில்லை என்பதைச் சொல்லவில்லை. அந்த உடையின் இரண்டு பக்கத் தையலிலும் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி உள்ளே விட்டிருக்கிறார்கள், பிரித்து விட்டால் ஒரு மணி நேர வேலை என்பதையும் சொல்லவில்லை. "சரி மேடம்" என்றேன்.

நீயும் ரேயும் டோபியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அம்மா ஹான்காக்கில் நன்றாக இருக்கிறாள். ஏரியில் பனிக்கட்டி போய்விட்டதாம். சானா நீராவி அறையின் கூரையை அவளே ஏறிச் சரிசெய்தாளாம்.

இங்கே மே மாதம் உடை நாள் வரும் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஆஷ்டன் ஹவுஸ் ஹோட்டலில் உணவுக்கூடப் பெண்களுக்கு உடை தைக்க மாட்டார்கள். நூறு ஆண்டுக்கு முந்தைய பாணியில் தைத்த உடைகள் கொக்கியில் தொங்கும். பெண்கள்தான் அவற்றுக்குப் பொருந்த வேண்டும். பதினான்காம் அளவுக்கு மேல் கொக்கி கிடையாது. பொருந்தாதவள் சலவை அறைக்குப் போவாள். யாரையும் குண்டு என்று யாரும் சொன்னதில்லை. அந்த வேலையை உடை பார்த்துக்கொள்ளும்.

"மூச்சை உள்ள இழு, ஐலா."

"இழுத்துட்டேன் மேடம்."

"இன்னும் கொஞ்சம்."

என் பின்னால் வரிசையில் நின்ற பெர்னடெட், "இதுக்கு மேல இழுத்தா மூச்சு திரும்ப வராது மேடம். அப்புறம் அவளுக்கு எந்த டிரஸ்ஸும் சரியா இருக்கும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பொத்தான் மூடவில்லை.

மிஸஸ் ஹார்ட்விக் என் தோளைத் தட்டினார். "உன்னைச் சொல்லலம்மா. டிரஸ்ஸைத்தான் சொல்றேன். டிரஸ் ஒத்துக்கல."

நாளை முதல் எனக்கும் பெர்னடெட்டுக்கும் சலவை அறை. தலைமை வேலை, போன வருடம் வந்த ஒரு பெண்ணுக்கு. நான் சரியாகத்தான் இருக்கிறேன், கவலைப்படாதே.

உன் தங்கை,
ஐலா


டோலிடோ, ஒஹாயோ
மே 21

அடியே ஐலா,

நாங்கள் மூவரும் உயிரோடு இருக்கிறோம். டோபிக்குப் பல் முளைக்கிறது. வீட்டில் மற்ற யாருக்கும் தூக்கம் முளைக்கவில்லை. ரே கண்ணாடித் தொழிற்சாலையில் கூடுதல் நேரம் பார்க்கிறான்.

"நான் சரியாகத்தான் இருக்கிறேன்" என்று இனி ஒரு தடவை எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். ஏழு வயதில் கை ஒடிந்தபோதும் இதைத்தான் சொன்னாய். இரண்டு நாள் ஒடிந்த கையோடு பள்ளிக்கூடம் போனாய்.

இப்போது கவனமாகப் படி. நீ வேலை செய்வது மிச்சிகனில். அங்கே எட்டு வருடத்துக்கு முன் ஒரு சட்டம் போட்டார்கள். எல்லியட்-லார்சன் என்று இரண்டு பேரின் பெயர். வேலையில் யாரையும் எதற்காக ஒதுக்கக் கூடாது என்று அதில் வரிசையாக இருக்கிறது: மதம், இனம், நிறம், பிறந்த நாடு, வயது, பாலினம், உயரம், எடை, திருமண நிலை. திரும்பப் படி. உயரம், எடை. அந்த இரண்டு சொற்களும் வேறு எந்த மாநிலத்தின் சட்டத்திலும் கிடையாது. உன் மாநிலத்தில் மட்டும்தான் இருக்கிறது, நீ அங்கே உட்கார்ந்து படுக்கை விரிப்பு மடிக்கிறாய்!

ஆறு மாதத்துக்குள் மாநிலத்தின் சிவில் உரிமைத் துறைக்கு எழுத வேண்டும். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. "டிரஸ்ஸைத்தான் சொல்றேன்" என்று அந்த அம்மாள் சொன்னாளே, அந்த வாக்கியத்தை அப்படியே எழுது. அந்த டிரஸ் தராசுதான், கொஞ்சம் லேஸ் வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

எழுது. எழுதிவிட்டேன் என்று எனக்கு எழுது.

முத்தங்களுடன்,
லோர்னா


மாக்கினா தீவு
ஜூன் 5

அன்புள்ள லோர்னா,

டோபியின் பல் வெளியே வந்துவிட்டதா? இங்கே லைலாக் பூத்துவிட்டது. ஃபட்ஜ் மிட்டாய் வாங்கும் கூட்டம் படகு படகாக வந்து இறங்குகிறது. தெரு முழுக்கக் குதிரைச் சாணமும் லைலாக் வாசனையும். எது எதை வெல்கிறது என்பது காற்றைப் பொறுத்தது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ சொல்வது சரி. ஆனாலும் எழுதவில்லை. பயம் காரணமில்லை. அந்தத் தாளில் "என் எடை" என்று நான் எழுத வேண்டும். யாரோ ஒருவர் அதைத் தட்டச்சு செய்வார், இன்னொருவர் கோப்பில் வைப்பார். என்னைப் பற்றி நானே யாரிடமும் பேசாத ஒன்றை அரசாங்கத்திடம் எப்படிப் பேசுவது? புத்தகங்களில் அநியாயம் நடக்கும்போது பாத்திரங்கள் சட்டென்று எழுந்து பேசிவிடுகிறார்கள். ஒரு பக்கம் புரட்டுவதற்குள் பேசிவிடுகிறார்கள். எனக்கு மூன்று வாரம் ஆகியும் வரவில்லை.

சலவை அறை அவ்வளவு மோசமில்லை. எனக்குத் தையல் இயந்திரம் ஓட்டத் தெரியும் என்று கண்டுபிடித்துப் பாதி நாள் தையலறைக்கு அனுப்புகிறார்கள். அங்கே என்ன வேலை தெரியுமா? ஆண் பரிமாறுநர்களின் கோட்டுகளை அகலப்படுத்துவது. குளிர்காலத்தில் எல்லோருக்கும் வயிறு வந்துவிடுகிறது. வரிசையாக வந்து நிற்கிறார்கள், "ஐலா, ஒரு அங்குலம் விடேன், நல்ல பிள்ளை இல்லே" என்கிறார்கள். நான் தையலைப் பிரித்து உள்ளே இருக்கும் துணியை விடுகிறேன். ஆண்கள் மாறினால் கோட்டு மாறும்.

நீ வேலை செய்யும் ஹாலோரன்ஸ் கடையில் என்ன சேதி? எப்போதும் வாசனைத் திரவியப் பிரிவின் வம்பை இரண்டு பக்கம் எழுதுவாய். இந்த முறை ஒரு வரிகூட இல்லை. அப்புறம், சட்டமெல்லாம் உனக்கு எப்படி இவ்வளவு தெரியும்?

அன்புடன்,
ஐலா


டோலிடோ
ஜூன் 29

அன்புள்ள ஐலா,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. பல் வந்துவிட்டது, உடனே அடுத்தது புறப்பட்டுவிட்டது. ரேக்கு முதுகுவலி. நான் நன்றாக இருக்கிறேன். இங்கே வெயில் கொளுத்துகிறது.

ஆண்களின் கோட்டை அகலப்படுத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அதையும் பார்த்துவிட்டா இன்னும் நீ புகார் எழுதவில்லை?

தாளில் எழுத வெட்கம் என்கிறாய். நீ வெட்கப்படுவாய் என்பதுதான் அவர்களுடைய முழுத் திட்டமும். வேறு திட்டம் எதுவும் அவர்களிடம் இல்லை. நீ வாயைத் திறந்தால் அவர்கள் கையில் ஒன்றுமே இருக்காது. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

எழுது, ஐலா. உன்னால் எழுத முடியும் இடத்தில் இருக்கிறாய்.

லோர்னா


மாக்கினா தீவு
ஜூலை 10

அன்புள்ள லோர்னா,

எழுதிவிட்டேன்.

இதை முதல் வரியில் போட்டதற்குக் காரணம், நீ நலம் விசாரிப்பைத் தாண்டிக் குதித்துப் படிப்பவள். இனி முறைப்படி: ரேயின் முதுகு எப்படி? அம்மாவிடம் சொல்லி அவனைச் சானாவில் ஒரு வாரம் வேகவைத்தால் எந்த முதுகும் நிமிரும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

படகில் எதிர்க்கரை செயின்ட் இக்னஸுக்குப் போய், தபால் நிலையத்து மேசையில் நின்றபடியே எழுதி அங்கேயே போட்டேன். தீவில் போட்டால், என் உறை பெட்டிக்குள் விழும் முன்பே சேதி ஹோட்டலுக்குப் போய்விடும். ஒரு வாரத்துக்குள்ளேயே விசாரணை அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். மிஸ் ஓக்ஸ் என்று பெயர். சளி பிடித்த குரல்.

"மிஸ் காங்கஸ்? உங்க தாள்ல ஒரு இடத்தை அடிச்சு அடிச்சு எழுதியிருக்கீங்க. என்ன அது?"

"என்னோட எடை."

"அது எனக்கு எதுக்கு? அவங்க என்ன பண்ணாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

நான் சொன்னேன். நடுவில் நிறுத்தவில்லை. முடித்தபோது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, யாரோ நன்றாகப் படித்துக் காட்டுவது போல.

இன்று ப்ரெஸ்காட் சலவை அறைக்கே இறங்கி வந்தார். இதுவரை அவர் அந்தப் படிகளில் இறங்கியதே இல்லை.

"ஐலா, நாம ஒரே குடும்பம். குடும்ப விஷயத்தை லான்சிங்ல இருக்கிற கவர்மென்ட் வரைக்கும் கொண்டுபோவாங்களா?"

"குடும்பம்னா அக்டோபர்ல குலுக்கின கையை ஞாபகம் வெச்சிருப்பாங்க சார்."

"உன்ன யாரு தூண்டிவிட்டாங்க?"

"எங்க அக்கா."

பெர்னடெட் விரிப்புக் குவியலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். புகார் கொடுத்ததற்காக என்னை வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. ப்ரெஸ்காட்டுக்கு அது தெரிந்திருக்கிறது. படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

உன்னால்தான், லோர்னா. உடனே பதில் போடு.

ஐலா


மாக்கினா தீவு
ஆகஸ்ட் 6

அன்புள்ள லோர்னா,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒரு மாதமாகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இவ்வளவு நல்ல செய்தி அனுப்பினேன். நீ கூரைமேல் ஏறிக் கத்துவாய் என்று எதிர்பார்த்தேன்.

சனிக்கிழமை உன் வீட்டுத் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. அதனால் கடைக்கு அழைத்தேன். வாசனைத் திரவியப் பிரிவில் ஒரு பெண் எடுத்தாள்.

"லோர்னாவா? அவங்க பிப்ரவரியிலேயே போயிட்டாங்களே. நீங்க யாரு?"

"அவங்க வாடிக்கையாளர்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

"நல்ல அக்கா அவங்க. குழந்தை பிறந்து திரும்பி வந்தப்போ… சரி விடுங்க. எங்க மேனேஜர் பக்கத்துல நிக்கிறாரு."

நான் உன்னிடம் எதையும் கேட்கப்போவதில்லை. விருப்பமிருந்தால் சொல். சொல்லாமல் இருப்பது எப்படி என்று நம் வீட்டில் என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஆனால் பதில் போடு.

ஐலா


டோலிடோ
ஆகஸ்ட் 13

என் ஐலா,

டோபி நலம், ரே நலம். நானும் இந்த வாரத்தில் நலமாகிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரியில் வேலைக்குத் திரும்பியபோது என் பழைய கறுப்பு உடை ஏறவில்லை. பெரியதாக ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். முதல் வாரத்திலேயே மேலாளர் கூப்பிட்டார். "லோர்னா, இங்க வர்றவங்க பாட்டிலை மட்டும் வாங்கல. உன்னைப் பாத்து, நானும் இப்படி ஆவேன்னு ஆசைப்பட்டுதான் வாங்கறாங்க. இப்போ உன்னைப் பாத்தா என்ன ஆசை வரும்?" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். என்னைக் கிடங்குக்கு அனுப்பினார். கிடங்கில் மூன்று வாரம் பெட்டி அடுக்கினேன். பிறகு அங்கேயும் ஆள் அதிகம் என்றார்.

ஒரு வக்கீலிடம் போனேன். நல்ல மனிதர், பணம் வாங்கவில்லை. ஒஹாயோ சட்டத்தை எடுத்து விரலை வைத்துக் காட்டினார். இனம், நிறம், மதம், பாலினம் எல்லாம் இருந்தது. எடை இல்லை. "உங்க கடைக்கு மன்ரோவில ஒரு கிளை இருக்கே, இருபது நிமிஷம் வடக்கே, மிச்சிகன்ல? அந்தக் கிளையில இது நடந்திருந்தா உங்க கேஸை நான் சந்தோஷமா எடுத்திருப்பேன்" என்றார். மிச்சிகன் சட்டத்தின் அந்தப் பக்கத்தை எனக்கு நகல் எடுத்துக் கொடுத்தார். அதுதான் எனக்குத் தெரிந்த சட்டமெல்லாம். நாங்கள் கோடையில் அம்மா வீட்டுக்குப் போகும் அதே நெடுஞ்சாலைதான். "மிச்சிகன் உங்களை வரவேற்கிறது" என்ற பலகைக்கு அந்தப் பக்கம் நான் மனுஷி, இந்தப் பக்கம் கிடங்கு.

உன் மே மாதக் கடிதம் வந்தபோது அந்த நகல் என் அடுக்களை இழுப்பறையில் இருந்தது. உனக்கு எழுதிய ஒவ்வொரு வரியும் அந்த மேலாளருக்கு எழுதியது. நீ எழுதிவிட்டேன் என்றதும் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதன்பிறகு உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. என் சண்டையைப் போட உன்னை அனுப்பிவிட்டேன்.

உன் அக்கா,
லோர்னா


மாக்கினா தீவு
செப்டம்பர் 14

அன்புள்ள லோர்னா,

டோபிக்கும் ரேக்கும் என் அன்பு. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. ஏரிக்கு நிறம் மாறிவிட்டது.

உன் சண்டையை என் உடம்பை வைத்துப் போட்டாயா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஆமாம் என்றுதான் தோன்றியது. பரவாயில்லை. இரண்டு பேருக்கு இடம் இருக்கிற உடம்புதான்.

செவ்வாய்க்கிழமை மிஸ் ஓக்ஸ் நேரில் வந்தார். உயரமானவர். சளி இன்னும் போகவில்லை. உணவுக்கூடத்தில் ஒரு மேசையைச் சுற்றி ப்ரெஸ்காட், மிஸஸ் ஹார்ட்விக், நான். ப்ரெஸ்காட் தன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், தங்கப் பொத்தான்கள் வைத்தது. ஒரு மணி நேரம் பாரம்பரியத்தைப் பற்றிப் பேசினார். விருந்தினர்கள் இங்கே வருவது வேறொரு காலத்துக்குள் நுழைவதற்காக. அந்தக் காலத்தின் உடையில் கை வைத்தால் அந்தக் காலமே கலைந்துவிடும்.

"அப்போ பழைய உடைகளை மாத்தவே மாட்டீங்க?" என்றார் மிஸ் ஓக்ஸ்.

"ஒரு நூலைக்கூட."

"எல்லாருக்கும் அப்படித்தானா?"

"எல்லாருக்கும்."

அந்த இடத்தில் நான் கோட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் மிஸஸ் ஹார்ட்விக் முந்திக்கொண்டார். தன் நிர்வாகத்தைக் குறை சொல்லிவிடுவார்களோ என்று அவருக்குப் பொறுக்கவில்லை.

"எங்க தையலறையப் பத்தி யாரும் ஒரு குத்தம் சொல்ல முடியாதும்மா. ஒவ்வொரு மே மாசமும் ஆம்பளைங்க கோட்டு அத்தனையும் பிரிச்சு, ஆளுக்குத் தகுந்த மாதிரி விட்டுத் தைக்கிறோம். தையல் தெரியவே தெரியாது. நம்ம சாரோட கோட்டையே பாருங்களேன், மூணு வருஷமா மூணு தடவை விட்டிருக்கோம். கண்டுபிடிங்க பாக்கலாம்!"

ப்ரெஸ்காட் தன் கோட்டைக் குனிந்து பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். உண்மையிலேயே நல்ல வேலை, தையல் தெரியவில்லை. கடைசித் தடவை தைத்தவள் நான்.

மிஸ் ஓக்ஸ் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அருமையான வேலை. பெண்களோட உடைய யாரு தைக்கிறாங்க?"

"அதே தையலறைதான்" என்றார் மிஸஸ் ஹார்ட்விக், பெருமையோடு. சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகம் மெதுவாக மாறியது. எனக்கு அவர்மீது கோபம் வரவில்லை. இருபது வருடமாக அவர் அதைச் செய்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

பிறகு மிஸ் ஓக்ஸ் என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"எனக்கு வேண்டியது நஷ்டஈடு இல்ல மேடம். எனக்குக் கொடுத்த வேலை வேணும். அந்த உடைல உள்ளே துணி இருக்கு. அதை நானே பிரிச்சுத் தைச்சுக்குவேன்."

மே மாதம் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான், லோர்னா. சொல்லிப் பார்த்தால் இரண்டு மூச்சுக்கூட ஆகவில்லை.

முடிவு குளிர்காலத்தில் தெரியும். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: மன்ரோ இருபது நிமிடம்தானே?

ஐலா


டோலிடோ
நவம்பர் 2

ஐலா,

எல்லோரும் நலம். டோபி நடக்கிறான், முக்கியமாக அடுப்பை நோக்கி.

மிஸஸ் ஹார்ட்விக் பகுதியை ரேக்கு வாசித்துக் காட்டினேன். முதுகுவலியோடு தரையில் உருண்டு சிரித்தான். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான். மூன்றாவது தடவை நான் அழுதுவிட்டேன், அது வேறு விஷயம்.

மன்ரோவைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் எழுதமாட்டேன். ரேயும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் வடக்கே காரில் போய் வருகிறோம். சும்மா, காற்று வாங்க.

உனக்குத் தபால் வந்ததும் எழுது.

லோர்னா


மாக்கினா தீவு
1985 மே 15

அன்புள்ள லோர்னா,

மன்ரோவில் புது வீட்டில் எல்லோரும் வசதியாக இருக்கிறீர்களா? இப்போது ரேதான் தினமும் மாநில எல்லையைத் தாண்டி வேலைக்குப் போகிறான் என்று அம்மா சொன்னாள். மன்ரோ கடையில் உன்னைப் பிரிவின் முன்வரிசையிலேயே நிறுத்தியிருக்கிறார்கள் என்பதையும் அவள்தான் சொன்னாள். நீ எழுதுவாய் என்று காத்திருந்தேன். பரவாயில்லை, இப்போது என் முறை.

ஜனவரியில் ஹோட்டல், தவறை ஒப்புக்கொள்ளாமலே, சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. பெண்களின் உடைகளையும் அளவுக்கேற்ப மாற்ற வேண்டும் என்பது அதில் ஒரு பிரிவு. சலவை அறையிலிருந்து நான்கு பேர் உணவுக்கூடத்துக்கு மாறக் கேட்டார்கள்; மூன்று பேருக்குக் கிடைத்தது. பெர்னடெட் கேட்கவில்லை. சலவை அறையில்தான் வம்பு நன்றாகக் கிடைக்கிறதாம். ப்ரெஸ்காட் வேறு ஹோட்டலுக்குப் போய்விட்டார். மிஸஸ் ஹார்ட்விக் இருக்கிறார், எனக்கு வணக்கம் சொல்வதில்லை, ஆனால் என் உடையின் இடப்பக்கத் தையல் கோணலாக இருக்கிறது என்று அவரே பிரித்துத் திரும்பத் தைத்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை ஹோட்டல் திறந்தது. உணவுக்கூடத்தின் தலைமை நான். முதல் விருந்துக்கு நூற்றெண்பது பேர் வந்தார்கள். எல்லோரையும் வாசலில் நின்று வரவேற்று, மேசைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தேன். சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அன்புடன்,
ஐலா